ஊக்கு குத்திய துண்டு

பிப்ரவரி 9

தங்கச்சிக்கு,

ஏன் போனை எடுக்கவில்லை என்று கேட்டு நீ அனுப்பிய குறுஞ்செய்திகள் எல்லாம் வந்தன. மின்னஞ்சலும் வந்தது. திறக்கவில்லை. உன்னிடமிருந்து வரும் மின்னஞ்சலைத் திறக்கவே எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. அதனால்தான் தாளில் எழுதுகிறேன். பதில் சொல்ல விருப்பமிருந்தால் நீயும் தாளில், உன் கையால் எழுது. அப்போதுதான் அது எனக்கு மட்டும் வருகிறது என்று நம்புவேன்.

ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி "என்னாச்சு அக்கா" என்று கேட்கிறாய். சொல்கிறேன். போன செவ்வாய்க்கிழமை, மருந்துக்கடையில் கூட்டமான நேரம். ஒரு கையில் மாத்திரை அட்டை, ஒரு கையில் கத்தரிக்கோல். போன் சிணுங்கியது. எங்கள் நீச்சல் சங்கத்திலிருந்து ஒரு மடல். தலைப்பில் "துண்டை இறுக்கிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்த பெண்" என்று இருந்தது. நின்ற இடத்திலேயே படித்தேன். கணவர் பிரிந்து போன பெண்ணாம். வெளியே தலைகாட்டவே கூசியவளாம். நீச்சலுடைக்கு மேல் துண்டைச் சுற்றி, அவிழாமலிருக்க ஊக்கு குத்திக்கொண்டு, வாரக்கணக்கில் குளத்துப் படியில் காலை மட்டும் நனைத்தபடி இருந்தாளாம். இன்று அவள் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு மீனைப் போலப் போய்வருகிறாளாம். கீழே பெரிய நீலப் பொத்தானில் "நானும் திரும்பி வருகிறேன்" என்று எழுதியிருந்தது.

என்னை டீச்சராக்கியிருந்தாய். வயதைக் குறைத்திருந்தாய். அதற்காகச் சந்தோஷப்பட வேண்டும் போலிருக்கிறது. ஆனால் ஊக்கை மட்டும் அப்படியே விட்டுவைத்திருந்தாய். அந்தக் குளத்துக்குத் துண்டில் ஊக்கு குத்திக்கொண்டு வந்தவள் நான் ஒருத்திதான். ஊக்கோடு தண்ணீரில் இறங்கக்கூடாது என்று பயிற்சியாளர் எல்லார் முன்னாலும் என்னைச் சத்தம் போட்டது அங்கே தெரியாதவர் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறாய்.

அந்தச் சங்கத்தின் வேலையை உன் கம்பெனிக்கு வாங்கிக் கொடுத்தவளே நான்தான். உறுப்பினர்கள் புதுப்பிக்காமல் கழன்றுகொள்கிறார்கள் என்று செயலாளர் புலம்பியபோது, "என் தங்கச்சிக்கு வேலையே இதுதான் சார், சங்கங்களுக்கு மடல் எழுதறது, ரொம்ப நல்லா எழுதுவா" என்று பெருமையடித்தேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதை.

உன் அத்தான் என்னை விட்டுப் போன பிறகு நான் உன்னிடம் மட்டும்தான் அழுதேன். போனில், கதவைச் சாத்திக்கொண்டு. அம்மாவிடம்கூட இல்லை. உனக்கு அது தலைப்பு வைக்க உதவியிருக்கிறது.

அக்கா


பிப்ரவரி 16

அக்கா,

கையால் எழுதி எவ்வளவோ காலமாயிற்று. கோழி கிறுக்கின மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள். ஐந்து தாளைக் கிழித்துவிட்டுத்தான் இதில் நிற்கிறேன்.

முதலில், மன்னித்துவிடு. அதைச் சொல்லிவிட்டு நடந்ததைச் சொல்கிறேன். சாக்குச் சொல்வதாக நினைக்காதே.

உங்கள் சங்கம் இதுவரை அனுப்பிக்கொண்டிருந்த மடல்களை நீயே பார்த்திருப்பாய். "உறுப்பினர் உரிமை புதுப்பித்தல் தொடர்பாக" என்று தலைப்பு. உள்ளே விதிமுறைகள், நிர்வாகக் குழுவின் புகைப்படம், நாலு இணைப்புகள். யார் திறப்பார்கள்? எங்கள் மேலாளருக்கு ஒரு பாடம் உண்டு, தினமும் ஒப்பிப்பார். ஒரு மடலில் ஒரு ஆள், ஒரு கதை, ஒரே ஒரு வேண்டுகோள். கூட்டத்தைப் பற்றிச் சொன்னால் யாரும் காது கொடுக்கமாட்டார்கள், ஒருத்தியைப் பற்றிச் சொன்னால் கேட்பார்கள். நானும் முதலில் ஒருத்தியைக் கற்பனை செய்துதான் எழுதினேன். அவர் படித்துவிட்டு, "உப்புச் சப்பில்லாம இருக்கே, இவ யாரு, இவளுக்கு என்ன பயம்?" என்று கேட்டார். அப்போது என் நினைவில் இருந்தது நீ மட்டும்தான். துண்டைச் சேர்த்தேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஊக்கைச் சேர்த்தேன். மேசையைத் தட்டினார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீ கோபப்பட்டாலும் பரவாயில்லை. உனக்கு அந்த மடல் வரும் என்று நான் நினைக்கவே இல்லை. அது எல்லாருக்கும் போகவில்லை. பல மாதமாகக் குளத்துப் பக்கம் வராதவர்களை மட்டும் தனியாகப் பிரித்து, அவர்களுக்குத்தான் அனுப்பினோம். நீதான் வாரம் தவறாமல் போகிறவளாயிற்றே. உன் பெயர் அந்தப் பட்டியலுக்குள் எப்படிப் போனது என்று எனக்கு விளங்கவில்லை. மென்பொருளில் ஏதோ கோளாறு. கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். "உனக்குத் தெரியாமல் செய்துவிடலாம் என்றுதான் இருந்தேன்" என்பதற்கு இது சுற்றுவழி. அதை அடிக்கவில்லை. இருக்கட்டும்.

நாங்கள் அனுப்பியதிலேயே அதிகம் பேர் திறந்த மடல் அதுதான். மேலாளர் அலுவலகக் கூட்டத்தில் அதைத் திரையில் போட்டு என்னை எழுந்து நிற்கச் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். உன் துண்டு அங்கே சுவரளவுக்குத் தெரிந்தது.

இதைச் சரிசெய்ய எனக்குத் தெரிந்த வழி ஒன்று இருக்கிறது. அதே பட்டியலுக்கு மன்னிப்பு மடல் ஒன்று அனுப்பலாம். உன் பெயர் வராது. இரண்டு தலைப்பு யோசித்திருக்கிறேன். "ஒரு தவறு செய்துவிட்டோம்" என்பது ஒன்று. "அந்தப் பெண்ணிடம் நாங்கள் கேட்டிருக்க வேண்டும்" என்பது இன்னொன்று. பாதிப் பேருக்கு இது, பாதிப் பேருக்கு அது என்று அனுப்பினால் எதை அதிகம் பேர் திறக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். எது நல்லது என்று நீயே சொல்லு.

உன் வாலு


பிப்ரவரி 23

வாலு,

மன்னிப்புக்குக்கூடப் பாதிப் பாதியாகப் பிரித்துச் சோதனை வைப்பாயா?

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீ கெட்டவள் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டுத் தலைமுழுகியிருப்பேன்.

மன்னிப்பு மடல் எதுவும் வேண்டாம். என்னை ஒருமுறை நடுத்தெருவில் நிறுத்தியது போதும். திரும்பவும் அங்கேயே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தி, எல்லார் முன்னாலும் காலில் விழாதே. கவனிக்காதவர்களும் அப்போது கவனிப்பார்கள்.

நேற்று இருமல் மருந்து வாங்க வந்த அம்மா, நீச்சலுக்கு வருகிறவர்தான், மடல் கைமாறி அவர் வரைக்கும் போயிருக்கிறது, சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டே, "மீன் மாதிரி போறீங்களாமே, எங்ககிட்ட சொல்லவே இல்லையே" என்றார். கூட வந்தவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கல்லாவுக்குப் பின்னால் நிற்கிறவளுக்கு ஓடி ஒளிய இடம் ஏது? "ஒரு நாளைக்கு மூணு வேளை, சாப்பாட்டுக்குப் பிறகு" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

பட்டியலில் என் பெயர் எப்படி வந்தது என்பதை நீ நோண்ட வேண்டாம். கோளாறு என்றே வைத்துக்கொள்.

அக்கா


மார்ச் 3

அக்கா,

நோண்ட வேண்டாம் என்றாய். நோண்டிவிட்டேன். உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே பார்த்துவிட்டேன். வந்த பிறகு பார்த்தது போல் எழுதலாமா, பார்க்காதது போல் எழுதலாமா என்று யோசித்தேன். இரண்டும் வேண்டாம் என்று உள்ளதைச் சொல்கிறேன்.

மென்பொருளில் ஒரு கோளாறும் இல்லை. ஆகஸ்டுக்குப் பிறகு உன் உறுப்பினர் அட்டை அந்த வாசலில் பதிவாகவே இல்லை.

நவம்பரில் நீ என்னிடம் போனில் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "இன்னைக்கு ரெண்டு தடவை போயிட்டு வந்தேன்டி, இந்த முனைலேர்ந்து அந்த முனைக்கு." நான் இங்கே சமையலறையில் நின்று ஒரு ஆட்டம் போட்டேன். அதைத்தான் மடலின் கடைசியில் எழுதினேன். அந்த வரியை நான் கதை கட்டவில்லை என்பது ஒன்றுதான் எனக்கு ஆறுதலாக இருந்தது.

நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்கிற தகுதி எனக்கில்லை. என்னிடமும் ஒன்று இருக்கிறது. அந்த மடலை அனுப்புவதற்கு முன் மேலாளர், "இது யாரோ நிஜ ஆள் மாதிரி தெரியுதே, அனுமதி வாங்கியாச்சா?" என்று கேட்டார். "வாங்கியாச்சு சார்" என்றேன். நாக்கு கொஞ்சமும் புரளவில்லை. உன்னிடம் கேட்டிருந்தால் நீ மாட்டேன் என்பாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கேட்கவில்லை. போன கடிதத்தில் மேலாளரின் பாடம், பட்டியல், மென்பொருள் என்று ஊர்க்கதை எல்லாம் எழுதினேன், இதை எழுதவில்லை. இப்போது எழுதும்போது கை வியர்க்கிறது. நிஜமாகவே வியர்க்கிறது, மை கலைந்திருப்பதைப் பார்.

வாலு


மார்ச் 14

தங்கச்சி,

எனக்கு நீந்தத் தெரியாது.

எழுதிவிட்டேன். இனி மற்றதைச் சொல்வது சுலபம்.

படியில் உட்கார்ந்தது உண்மை, துண்டும் ஊக்கும் உண்மை. பிறகு ஒருநாள் துண்டைக் கழற்றிவைத்துவிட்டு இறங்கினேன், அதுவும் உண்மை. அன்றைக்கு உனக்குப் போன் செய்து இரண்டு பேரும் அழுதோம். ஆனால் அதற்கு மேல் நான் போகவில்லை. ஆழமில்லாத பக்கம் சுவரோரமாக ஒரு கம்பி உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடப்பேன். போவேன், திரும்பி வருவேன். அவ்வளவுதான் என் நீச்சல். எனக்கு அது போதுமாக இருந்தது. தண்ணீருக்குள் நிற்கும்போது உடம்பு கனக்காது, மனசும் கொஞ்சம் அப்படித்தான்.

உனக்குத்தான் அது போதவில்லை. திட்டுவதாக நினைக்காதே. ஒவ்வொரு தடவை போன் செய்யும்போதும் "இன்னைக்கு எவ்வளவு தூரம்கா?" என்று கேட்பாய். உன் குரலில் அவ்வளவு ஆசை இருக்கும். ஒருநாள் "பாதி" என்றேன். அடுத்த மாதம் பாதியை எப்படித் திரும்பக் கால் ஆக்குவது? ஏறிக்கொண்டே போனேன். பயிற்சியாளர் எங்கள் குழுவை ஆழமான பக்கம் மாற்றினார். நான் கம்பியை விடவில்லை. சின்னச் சின்னப் பிள்ளைகள் எல்லாம் என்னைத் தாண்டித் தாண்டி நீந்திப் போனார்கள், ஒரு பொடிசு "ஆன்ட்டி, ஓரமா நடங்க" என்றது. ஓரமாகத்தான் நடந்துகொண்டிருந்தேன். ஆகஸ்டில் போவதையே நிறுத்திவிட்டேன். உன்னிடம் மட்டும் தொடர்ந்து நீந்தினேன்.

அதன்பிறகு சங்கத்திலிருந்து மடலாக வந்தது. "உங்களைக் காணோமே", "எங்களை மறந்துவிட்டீர்களா". உனக்கு முன்னால் வேறு யாரோ எழுதியவை என்று நினைக்கிறேன், நீயாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றும் வர வர வாசல் இன்னும் தள்ளிப் போனது. காணோமே என்று கேட்கிறவர்கள் முன்னால் எந்த முகத்தோடு போய் நிற்பது? வராமல் இருந்தவளுக்கு அழைப்பு பெரிதில்லை. இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்காமல் இருந்தால் போதும், தானாக வந்துவிடுவாள்.

இப்போது விளங்கியிருக்கும், இருமல் மருந்து அம்மாவோடு வந்தவர் எதற்குச் சிரித்தார் என்று. நான் கம்பி பிடித்து நடந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். மீனைப் போல என்று நானே உன்னிடம் சொல்லி எழுதவைத்தேன் என்று நினைக்கிறார்கள். அது முழுப் பொய்யும் இல்லையே. நீ ஊரறியப் போட்டு உடைத்தது என் அழுகையை மட்டுமில்லை, என் பீற்றலையும் சேர்த்துத்தான். அழுகையைக்கூடத் தாங்கிக்கொண்டேன். பீற்றல்தான் என்னைத் தூங்கவிடவில்லை. அதனால்தான் உன்மேல் அவ்வளவு கோபப்பட்டேனோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. உன் தப்பு பாதி, என் தப்பு பாதி என்று பங்கு போட வரவில்லை. உன் தப்பு உன்னுடையது. என்னுடையது இது.

அக்கா


மார்ச் 25

அக்கா,

உன் கடிதத்தை அலுவலகத்துக்கு எடுத்துப்போனேன், பைக்குள் வைத்து. யாருக்கும் காட்டுவதற்கு அல்ல. கூட இருந்தால் தைரியமாக இருக்கும் என்று.

மேலாளரிடம் போய், அனுமதி வாங்கவில்லை, வாங்கியதாகச் சொன்னது பொய் என்று சொன்னேன். நிஜ ஆள் யார் என்று கேட்டார். சொல்ல மாட்டேன் என்றேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "இதையே மாதிரியா வச்சு இன்னும் மூணு சங்கத்துக்கு எழுதச் சொல்லிட்டேனேம்மா" என்றார். ஒரு மலையேற்றச் சங்கத்துப் பெண்ணும், ஒரு பாட்டுக் குழுப் பெண்ணும் துண்டும் ஊக்குமாக வரிசையில் நின்றிருப்பார்கள். எல்லாவற்றையும் நிறுத்தியாயிற்று. பெரிய சங்கங்களின் வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். நியாயம்தான். உங்கள் செயலாளருக்கும் அனுமதியில்லாமல் எழுதியது என்று மட்டும் தெரிவித்தோம். அவர் தலையில் கை வைத்துக்கொண்டாராம். யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கும், கேட்கவில்லை.

உங்கள் சங்கத்துக்குக் கடைசியாக ஒரு மடல் பாக்கி. வராமலிருப்பவர்களுக்கு. அதை நானே எழுதிக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்கிறேன் என்று கெஞ்சி வாங்கினேன். அது இதோ, முழுதும் இவ்வளவுதான்:

"வணக்கம். பெண்களுக்கான நேரம் செவ்வாயும் வெள்ளியும், காலையில். ஆழமில்லாத பக்கத்தில் கம்பியோரம் நடப்பவர்களுக்கென்று தனி இடம் விட்டிருக்கிறோம். நீந்தத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, கற்றுக்கொள்ள வேண்டும் என்றும் இல்லை. படியில் உட்கார்ந்திருக்கலாம். உங்கள் அட்டை இன்னும் செல்லும். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள்."

பொத்தான் கிடையாது. கம்பியோர இடத்துக்குச் செயலாளர் சம்மதித்துவிட்டார், கயிறு கட்டிப் பிரித்துவிட்டாராம். மேலாளர் படித்துவிட்டு, "இதுல ஆளும் இல்ல, கதையும் இல்ல" என்றார். ஆமாம் சார் என்றேன்.

கடைசி வரி உன் கடிதத்திலிருந்து எடுத்தது. கம்பியும் உன்னுடையதுதான். இரண்டையும் எடுத்துக்கொள்ளலாமா? நீ சரி என்று தாளில் எழுதி அனுப்பும்வரை இது போகாது. வேண்டாம் என்றாலும் எழுது. எழுதாமல் விட்டால் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்வேன்.

வாலு


ஏப்ரல் 2

வாலு,

சரி. அனுப்பு.

ஒரு திருத்தம். "யாரும் கேட்க மாட்டார்கள்" என்று நீ எழுதிவிட்டால் ஆயிற்றா? வாசலில் அட்டை பார்க்கிறவர் ஊர் வம்பை விலை கொடுத்து வாங்குகிறவர். அவர் கேட்பார். செயலாளரை விட்டு முதலில் அவரிடம் சொல்லி வைக்கச் சொல். இல்லாவிட்டால் உன் மடல் இன்னொரு பொய்.

அக்கா


ஏப்ரல் 11

அக்கா,

வாசல்காரரிடம் சொல்லிவைத்துவிட்டார்கள். மடலும் போய்விட்டது. திறந்தவர்கள் ரொம்பக் குறைச்சல் என்று மேலாளர் சொன்னார். தலைப்பு "நீச்சல் குளம், பெண்கள் நேரம்" என்றிருந்தால் வேறென்ன ஆகும்.

யார் யார் திறந்தார்கள் என்று காட்டும் பக்கம் ஒன்று உண்டு. நான் அதைப் பார்க்கவில்லை. வாசலில் யார் அட்டை பதிவானது என்பதையும் பார்க்கவில்லை. இனி உன் விஷயம் நீ சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும். நீ சொல்லாமலிருந்தால் தெரியாமலே இருந்துவிடுகிறேன்.

வாலு


ஏப்ரல் 26

தங்கச்சி,

வெள்ளிக்கிழமை போனேன்.

வாசல்காரர் என் அட்டையை வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார். கேட்காமல் இருக்க அந்த மனிதர் பட்ட பாட்டைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. கடைசியில் "தண்ணி இன்னைக்கு அவ்வளவா குளிரல" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உள்ளே படியில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். நான் இதுவரை பார்த்ததில்லை. நீச்சலுடை, அதன்மேல் துண்டு, துண்டில் ஊக்கு. யாரோ கேலிக்குச் செய்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிவிடப் பார்த்தேன். அதற்குள் அவர் நகர்ந்து இடம் விட்டார். உட்காராமல் போனால் மரியாதையாக இருக்காது, உட்கார்ந்தேன்.

"நீங்களும் அதைப் படிச்சுட்டுதான் வந்தீங்களா?" என்று கேட்டார். "அந்தத் துண்டுக்கார அம்மா கதை. நான் படிச்சதும் இது நான்தானேன்னு தோணிச்சு. அதான் ஊக்கு வாங்கிக் குத்திக்கிட்டு வந்துட்டேன்."

படித்தேன் என்றேன்.

"ஆனா எனக்கு ஆகாது போலங்க. வந்து வந்து உட்கார்றதோட சரி. இனிமே வர வேண்டாம்னு நினைக்கிறேன். அவங்களைப் பாருங்க, இந்த முனைலேர்ந்து அந்த முனைக்குப் போறாங்களாம். எனக்கு இந்த ஜென்மத்துல நடக்காது."

இதை உனக்குச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். அவரை அங்கே கொண்டுவந்தது உன்னுடைய நல்ல மடல் இல்லை, கெட்ட மடல். அவரை அங்கிருந்து திருப்பி அனுப்பப் போவதும் அதே மடல்தான், அதிலும் அந்த ஒரு வரி, நான் உனக்குக் கொடுத்த வரி.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவர் எழுந்து போயிருப்பார், யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

"அவங்களுக்கு நீந்தத் தெரியாதுங்க" என்றேன். "அந்தக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நடப்பாங்க. அவ்வளவுதான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அது நான்தான்."

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சிரிப்பார் என்று காத்திருந்தேன். "அப்போ அந்த நீந்தறது?" என்றார். "என் தங்கச்சிகிட்ட விட்ட புளுகு" என்றேன். அதற்குத்தான் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். பிறகு ஊக்கைக் கழற்றி, தொலைந்துவிடக்கூடாது என்று துண்டின் ஓரத்திலேயே குத்திவைத்துவிட்டு, "முன்னாடி நீங்க இறங்குங்க" என்றார். இரண்டு பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டு வந்தோம். திரும்பும்போது அவருக்குக் கால் வழுக்கி என் கையைப் பிடித்துக்கொண்டார், கரை வரைக்கும் விடவில்லை.

என் கோபம் முழுதும் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். சொன்னால் அதுவும் உனக்காக நீந்தியதாகிவிடும். இருமல் மருந்து அம்மா இன்னும் கடைக்கு வருகிறார், எனக்கு இன்னும் குரல் இறங்கத்தான் செய்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு, எடுக்கிறேன். எவ்வளவு தூரம் என்று மட்டும் கேட்காதே.

அக்கா